அன்றைய நான், இன்றைய நான்: தன் முகத்தை வரைகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றியிருக்கும் ரப்பர் தோட்டங்களில் பிறந்து, தோட்டத்தை விற்றதும் தாமான் (புதுக் குடியிருப்பு) வீட்டுக்குக் குடிவந்தவர்கள். மீதிப் பேர் ஃபேக்டரி வேலை, லாரி, பள்ளிக்கூடம், வீடு. வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு: மனசு சரியில்லாமல் இருந்த காலத்து உங்களையும் இப்போதைய உங்களையும் ஒரே படத்தில் வரைய வேண்டும். விருப்பம் இருக்கிறவர்கள் மட்டும். அதை ஆரம்பித்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே சந்தேகம்தான் ஆள் மாற்றி ஆள் வருகிறது, அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவிடுகிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன், கேட்டவர் யார் என்று தெரியாதபடி.

அக்கா, எனக்கு ஒரு கோடுகூட நேரா வராது. நானெல்லாம் இத வரையலாமா?

வரையலாம். முகத்தில் நேர்க்கோடே கிடையாது.

இரண்டு அளவு தெரிந்தால் ஆரம்பிக்கப் போதும். கண் இருப்பது தலையின் சரிபாதி உயரத்தில். உச்சந்தலையிலிருந்து தாடை வரை அளந்து பாருங்கள், நம்ப மாட்டீர்கள். புதிதாக வரைகிற எல்லாரும் நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள், அதனால்தான் படம் குழந்தை வரைந்தது மாதிரித் தெரிகிறது. இரண்டாவது, ஒரு கண்ணின் அகலம் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு முகத்தின் அகலம். இதுவும் வரவில்லையா, போட்டோ மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிதாகத் தாளில் போட்டு, ஒவ்வொரு கட்டமாக வரையுங்கள். இது ஏமாற்று வேலை இல்லை, சினிமா பேனர் வரைந்தவர்கள் காலமெல்லாம் செய்தது இதைத்தான்.

முன்னாடி, இப்போன்னா பாதி மூஞ்சி கறுப்பு, பாதி மூஞ்சி கலரு, அதானே?

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். இடது பக்கம் கறுப்பாக அழும், வலது பக்கம் வானவில்லாகச் சிரிக்கும், ஓரத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதில் உங்கள் முகத்தை எடுத்துவிட்டு யார் முகத்தை வைத்தாலும் பொருந்தும்.

அதைவிட, அது உண்மையும் இல்லை. ரொம்ப மோசமாக இருந்த மாதங்களில்கூட நீங்கள் ஷிஃப்டுக்குப் போயிருக்கிறீர்கள், கல்யாண வீட்டில் சிரித்துப் போட்டோ எடுத்திருக்கிறீர்கள், யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போதும் எல்லாம் பளபளவென்று மாறிவிடவில்லை, மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும், சில ராத்திரி தூக்கம் வராது. இன்னொன்று, அன்றைக்கு இருந்தவரும் நீங்கள்தான். அவரை அரக்கனாக வரையாதீர்கள். ஒரு நாள் படுக்கையை விட்டு எழுந்து கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்து உட்கார்ந்தது அந்த ஆள்தானே.

அப்போ ரெண்டு பேரையும் எப்படி ஒரே படத்துல வைக்கிறது? நான் வரைஞ்சா அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு

வழி நிறைய இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கலாம். ஒருவர் கண்ணாடிக்கு வெளியே, ஒருவர் உள்ளே இருக்கலாம். ஒருவர் கதவுக்கு அந்தப் பக்கம் முதுகு காட்டி நிற்கலாம். மெக்சிகோவின் ஃப்ரீடா காலோ 1939இல் வரைந்த 'இரண்டு ஃப்ரீடாக்கள்' படத்தைப் போனில் தேடிப் பாருங்கள். ஒருத்தி வெள்ளை ஐரோப்பிய உடை, இன்னொருத்தி மெக்சிகோ ஊர்ப்புற உடை, இருவருடைய இதயமும் வெளியே தெரிகிறது, ஒரே ரத்தக்குழாய் இரண்டையும் இணைக்கிறது, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கணவர் டியேகோ ரிவேராவை விவாகரத்து செய்த சமயத்தில் வரைந்தது. மனநலத்தைப் பற்றிய படம் என்று அதைச் சொல்ல முடியாது, ஆனால் இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதில் யாருக்கும் சந்தேகமே வராது. காரணம், இரண்டு முகத்தையும் ஒரே மாதிரி இறுக்கமாக விட்டுவிட்டு மற்றதை மாற்றியிருக்கிறார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். மாறாத இரண்டு அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: புருவத்து வெட்டு, மூக்குத்தி, மேல் உதட்டு மச்சம், எதுவானாலும் சரி. அதை இரண்டு முகத்திலும் ஒரே கவனத்தோடு வரைந்தால் அக்கா தங்கச்சிப் பிரச்சினை போய்விடும்.

என்னென்ன வாங்கணும்? ரொம்ப செலவாகுமா?

ஆகாது. பள்ளிப் பிள்ளைகள் வாங்குகிற போஸ்டர் கலரும் டிராயிங் புளோக்கும் போதும். கொஞ்சம் நன்றாக வரவேண்டும் என்றால் அக்ரிலிக் வண்ணம் வாங்குங்கள், சின்னக் கான்வாஸ் பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கிறது. எண்ணெய் வண்ணம் வேண்டாம். டர்பன்டைன் வாடை ஃப்ளாட் வீட்டில் தங்கும், காயவும் நாள்கணக்கில் ஆகும்.

பெரிய செட் வாங்காதீர்கள். வெள்ளை, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), ஒரு சிவப்பு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), அல்ட்ராமரின் நீலம். ஆறே டியூப். கறுப்பு எங்கே என்று கேட்பீர்கள், அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

செட்டுல இருக்கிற ஸ்கின் கலர் நமக்கு ஒட்டவே மாட்டேங்குதே?

ஒட்டாது. அந்த டியூபில் இருப்பது வெளுத்த இளஞ்சிவப்பு. நம் வீட்டில் யாருக்கு அந்த நிறம்? அதில் பிரவுனைக் கலந்து சமாளிக்கப் பார்த்தால் களிமண் மாதிரி வரும். அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள்.

பர்ன்ட் சியன்னாவில் ஆரம்பியுங்கள். யெல்லோ ஓக்கர் சேர்த்தால் மாநிறம், பர்ன்ட் அம்பர் சேர்த்தால் கறுத்த நிறம். நிழலுக்குக் கறுப்பு போடாதீர்கள். அல்ட்ராமரினையும் பர்ன்ட் அம்பரையும் கலந்தால் ஏறக்குறைய கறுப்பாக, ஆனால் உயிருள்ள ஓர் இருட்டு வரும், நீலம் கூடினால் குளிர்ச்சி, அம்பர் கூடினால் வெதுவெதுப்பு. வெளிச்சம் படுகிற இடத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். வெள்ளையை மட்டும் கலந்தால் தோல் சாம்பல் பூத்துப் போகும், திருநீறு பூசியது மாதிரி. வெள்ளையோடு ஓக்கரும் துளி சிவப்பும் சேருங்கள். கறுத்த தோலில் நெற்றி மேட்டிலும் கன்னத்து எலும்பிலும் விழுகிற வெளிச்சம் சில சமயம் நீலமாகவே இருக்கும், குறிப்பாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால். கண்ணால் பார்த்ததைப் போடுங்கள், மூளை சொல்வதை அல்ல. அப்புறம், அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு சாயல் இருட்டாகும், அதனால் ஈரத்தில் கொஞ்சம் வெளிச்சமாகவே கலக்கி வையுங்கள்.

ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்தப் படத்தில் பலர் ஒரு வேலை செய்கிறார்கள்: பழைய முகத்தைக் கறுப்பாகவும் இப்போதைய முகத்தைச் சிவப்பாகவும் வரைகிறார்கள். நோய் கறுப்பு, சுகம் வெள்ளை. 'கறுத்துப் போயிட்டியே' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊரில் இது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. தோல் நிறம் இரண்டிலும் ஒன்றே. வெளிச்சத்தை மாற்றுங்கள்: ஒன்று ராத்திரி டியூப் லைட், இன்னொன்று காலை ஏழரை மணி வெயில்.

கண்ணாடிய பாத்து வரையறதா, செல்ஃபி எடுத்து வரையறதா?

இப்போதைய முகத்துக்குக் கண்ணாடி. செல்ஃபியில் போன் பக்கத்தில் இருப்பதால் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போய்விடும். போட்டோதான் வேண்டுமென்றால் வேறு யாரையாவது ஐந்தாறு அடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் இன்னொரு லாபம், கொஞ்ச நேரத்தில் போஸ் கொடுக்கிற முகம் களைத்துப்போய் உண்மையான முகம் வந்து உட்காரும்.

கண்ணாடியில் இடம் வலம் மாறும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஓவியர் வான்கோ 1888 டிசம்பரில் காதை அறுத்துக்கொண்டது இடது பக்கம். மறு மாதம் வரைந்த படத்தில் கட்டு வலது காதில் இருப்பது போலத் தெரியும், கண்ணாடியைப் பார்த்து வரைந்ததால்.

அப்போ எடுத்த போட்டோ ஒண்ணுகூட இல்ல. நானே எல்லாத்தையும் அழிச்சிட்டேன். எப்படி வரையறது?

ரொம்பப் பேருக்கு இதே கதைதான். முகம் நினைவில் இல்லையென்றால் முகத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எங்கே உட்கார்ந்திருப்பீர்கள், என்ன சட்டை, கையில் என்ன இருக்கும், மணி என்ன என்று முதலில் எழுதிப் பாருங்கள். ஒருவர் மூன்று வரி எழுதினார்: ஹால் நாற்காலி, நைட் ஷிஃப்ட் யூனிஃபார்ம், பிரிக்காத நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம். படம் அதிலேயே வந்துவிட்டது. முகத்துக்கு இப்போதைய முகத்தையே வைத்து, தலையை எப்படிச் சாய்த்து உட்கார்வார் என்பதை மட்டும் மாற்றினார். தோள் இறங்கியிருப்பது வாய் கோணியிருப்பதைவிட அதிகம் பேசும்.

சோகத்தக் காட்ட கண்ணீர் வரைய வேணாமா?

அழுதிருந்தால் வரையுங்கள். மன அழுத்தத்தில் இருந்த பலர் எங்களிடம் சொல்வது, அழுகையே வரவில்லை என்பதுதான். ஒன்றும் தோன்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ணீர் போட்டு மறைத்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் மரம் வெட்டி (ரப்பர் பால் எடுக்கிற வேலை) ஓய்வு பெற்ற ஒரு ஆண்ட்டி வகுப்புக்கு வருகிறார். மோசமான காலத்தில் அவர் பொட்டு வைப்பதையே விட்டுவிட்டாராம், கண்ணாடி பக்கமே போகாததால். பழைய முகத்தைப் பொட்டில்லாமல் வரைந்தார். பார்த்த எல்லாரும் 'அங்கிள் எப்போம்மா தவறினாரு?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அங்கிளோ வெளியே மோட்டார் சைக்கிளில் காத்துக்கொண்டிருக்கிறார். நம் ஊரில் வெறும் நெற்றிக்கு வேறு அர்த்தம், அதைச் சண்டை போட்டு மாற்ற முடியாது. ஆண்ட்டி யோசித்துவிட்டுப் பின்னால் அலமாரிக் கண்ணாடியை வரைந்தார். நாம் முகம் கழுவும்போது ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டுவோமே, அதுமாதிரி வரிசையாகப் பொட்டு, சிவப்பு, மெரூன், சிலது பசை போய்ப் பாதி தொங்குகிறது. பழைய முகத்துக்குப் பின்னால் எல்லாப் பொட்டும் கண்ணாடியிலேயே இருக்கிறது. இப்போதைய முகத்துக்குப் பின்னால் ஒன்று குறைகிறது, அது நெற்றியில். முகம் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கப்புறம் அங்கிளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பின்னாடி தோட்டத்த வரையலாமா? பால் மரம், லயம் எல்லாம்?

நீங்கள் அங்கே, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), இருந்திருந்தால் தாராளமாக. ரப்பர் மரம் வருஷத் தொடக்கத்தில், பிப்ரவரி வாக்கில், இலை சிவந்து உதிர்ந்து மொட்டையாகி மறுபடி துளிர்க்கும், அதை ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் தளிர் என்று வைக்க ஆசை வரும். நோய் வந்தது அந்தத் தோட்டத்து வீட்டில் என்றால் வையுங்கள். தாமானில் பிறந்து வளர்ந்துவிட்டு அழகுக்காகப் பால் மரம் போட்டால் பண்டிகைக் காலண்டர் ஆகிவிடும். உங்களுக்குச் செம்பனையும் கூரைத் தகரமும் சாக்கடையும்தான் தெரியும் என்றால் அதை வரையுங்கள்.

எத முதல்ல வரையணும், பழசா புதுசா?

இப்போதைய முகத்தை. முழுதாக முடித்துவிட்டு அப்புறம் பழசுக்குப் போங்கள். அப்போது தேறி வந்த மனுஷர் ஒருவர் ஏற்கனவே படத்தில் உட்கார்ந்திருப்பார், பழசை வரையும்போது நீங்கள் தனியாக இருக்க மாட்டீர்கள். தொழில்முறையிலும் இதுதான் சுலபம், கண்ணாடியைப் பார்த்துக் கற்றுக்கொண்ட முகத்தை வைத்து நினைவிலிருக்கும் முகத்தை வரையலாம், அதற்கு எதிர்மாறாக முடியாது.

இத வரைஞ்சா டிப்ரஷன் சரியாயிடுமா? மாத்திரய நிறுத்திடலாமா?

இரண்டுக்கும் இல்லை. கலை வழிச் சிகிச்சை என்று தனியாகப் படித்துவிட்டுச் செய்கிற தொழில் இருக்கிறது, என் வகுப்பு அது இல்லை, நான் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவள். மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ டாக்டர் வேலை, திடீரென்று நீங்களாக நிறுத்தினால் உடம்பும் மனசும் சேர்ந்து படுத்தும்.

இன்னும் டாக்டரையே பார்க்கவில்லை, தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாததும் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால் முதலில் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார நிலையம்) போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. மனநலத்துக்கும் அங்கே கேள்வித்தாள் கொடுத்துப் பரிசோதிப்பார்கள், தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். தூரிகை அப்புறம்.

வரைய உக்காந்தா பழசெல்லாம் திரும்ப வருது அக்கா. நெஞ்சு படபடங்குது

நிறுத்துங்கள். பாதியில் நிற்கிற படம் ஒன்றும் கெட்டுப்போகாது. படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தூரிகையைக் கழுவப் போங்கள், குளிர்ந்த தண்ணீரில் கை இருப்பதே கொஞ்சம் இறக்கிவிடும். பழைய முகத்தை ராத்திரியில், வீட்டில் யாரும் இல்லாதபோது வரைய வேண்டாம் என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். ஒரு தடவை உட்கார்ந்தால் ஒரு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

படபடப்பு அடங்காமல் உயிரை விட்டுவிடலாம் என்கிற யோசனை வரை போனால் அது ஓவிய விஷயமே இல்லை. பிஃப்ரெண்டர்ஸ் உதவி அமைப்பு 03-7627 2929, எந்த நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. தமிழில்தான் பேச வரும் என்றால் சினேகம் அமைப்பு தமிழிலேயே பேசுகிறது. கையில் ஏதாவது இருக்கிறது, இப்போதே ஆபத்து என்றால் 999, இல்லை நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

அப்போ நான் சாகப் பாத்தேன். அத வரைஞ்சா போலீஸ் கேஸ் ஆகுமா?

ஆகாது. தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு முன்பு தற்கொலை முயற்சியையே குற்றமாக வைத்திருந்தது, அந்தப் பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2023இல் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது.

ஆனால் எதை வைத்து, எப்படி என்பதைப் படத்தில் வைக்காதீர்கள். உங்களுக்காகவும், அதே நிலையில் இருக்கிற இன்னொருவர் அதைப் பார்க்கக்கூடும் என்பதற்காகவும். அந்த நாளை வேறு வழியில் காட்டலாம்: பூட்டாமல் விட்ட கதவு, கதவைத் தட்டிய ஆளின் செருப்பு.

நான் தஞ்சோங் ரம்புத்தான்ல இருந்தேன். அத படத்துல போடலாமா, இல்ல மறைச்சிடவா?

மனநல ஆஸ்பத்திரி இருக்கிற அந்த ஊர் நம்மூரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருப்பதால் நமக்கு அது ஊர்ப் பெயரே இல்லை, வசவு. பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பாகப் போட்டால்கூட 'உன்ன தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்' என்பார்கள். அந்த ஆஸ்பத்திரி 1911இல் திறந்தது, நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே ஆட்கள் போய் வைத்தியம் பார்த்துத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள், உங்களையும் சேர்த்து.

போடுவதும் மறைப்பதும் உங்கள் இஷ்டம். போடுவதென்றால் கம்பி ஜன்னலும் சங்கிலியும் வரையாதீர்கள், அது சினிமா ஆஸ்பத்திரி. அங்கே உங்களுக்கு நிஜமாக என்ன நினைவிருக்கிறது? ஒருவர் வார்டில் கொடுத்த பிளாஸ்டிக் குவளையின் நிறத்தை அப்படியே சரியாகக் கலக்கிக் கொண்டுவந்தார், பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். அந்தக் குவளையை இரண்டு காலத்துக்கும் நடுவில் வைத்தார்.

பேய் புடிச்சிருச்சுன்னு சாமியாடிகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. இப்பவும் அம்மா அங்கதான் சரியாச்சுன்னு சொல்றாங்க. நான் என்னன்னு வரையறது?

உங்களுக்கு நடந்ததை. வேப்பிலை, எலுமிச்சம்பழம், இடுப்பில் கட்டிய கயிறு, எல்லாம் உங்கள் முன்னாள் காலத்தின் பொருட்கள்தான். டாக்டரிடம் போனது சரி, சாமியாடியிடம் போனது தப்பு என்று தீர்ப்பு எழுதுகிற படம் வேண்டாம். அம்மா பயந்துபோய்த் தெரிந்த இடத்துக்கெல்லாம் கூட்டிக்கொண்டு அலைந்தார் என்பதும் அதில் இருக்கட்டும். அடித்திருந்தால், சூடு வைத்திருந்தால் அது வேறு விஷயம், அதை மென்மையாக்கி வரைய வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

எல்லாத்துக்கும் அப்பா குடிச்சதுதான் காரணம். அப்பாவ வரையலாமா?

வரையலாம், ஆனால் யோசித்து. இது உங்கள் முகத்தின் படம். அப்பாவை முழு உருவமாகக் கொண்டுவந்தால் பார்க்கிறவர் கண் அவரிடம் போய்விடும், உங்கள் படத்தையும் அவரே எடுத்துக்கொள்வார். வாசலில் கிடக்கும் ஒரு சட்டை, ராத்திரி வருகிற மோட்டார் வெளிச்சம் என்று வையுங்கள். அவர் இப்போது குடியை விட்டுவிட்டு அதே வீட்டில் இருக்கிறார் என்றால் படத்தை ஹாலில் வைக்கும் முன் இன்னும் ஒரு தடவை யோசியுங்கள்.

மாத்திரையால உடம்பு போட்டுடுச்சு. இப்போ இருக்கிற மூஞ்சியே எனக்குப் புடிக்கல. கொஞ்சம் மெலிசா வரையவா?

சில மாத்திரைகளுக்கு எடை கூடும், முகம் உப்பும், அது உங்கள் தப்பில்லை. டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று இருக்கலாம்.

படத்தில் மெலிந்த முகத்தைப் 'பழசு' என்றும் உப்பிய முகத்தைப் 'புதுசு' என்றும் வைத்தால் சுகமானவர்தான் பார்க்க நன்றாயில்லை என்று தோன்றும், இது இந்தப் பயிற்சியின் உண்மையான சிக்கல், மழுப்ப மாட்டேன். என் கருத்து, உள்ளபடி வரையுங்கள். உருண்ட கன்னத்தில் வெளிச்சம் நீளமாகத் தவழும், வரைய ஒட்டிய கன்னத்தைவிடச் சுகமானது. முடியவே முடியாது என்றால் முகத்தை விட்டுவிட்டுக் கைகளை வரையுங்கள், கையும் ஆளின் அடையாளம்தான்.

எனக்கு மாத்திரைக்கு கை நடுங்குது, கோடு அலையுது

முழங்கையை மேசையில் ஊன்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு கம்பின் நுனியில் துணி சுற்றி, கான்வாஸ் ஓரத்தில் சாய்த்து, அதன் மேல் மணிக்கட்டை வைத்து வரையுங்கள், பழைய ஓவியர்கள் எல்லாரும் செய்ததுதான். மெல்லிய தூரிகையைவிட அகலத் தூரிகையில் நடுக்கம் தெரியாது. தெரிந்தால் தெரியட்டும், இப்போதைய உங்களின் கோடு அது. நடுக்கம் புதிதாக வந்திருந்தால், கூடிக்கொண்டே போனால் படத்துக்காகச் சமாளிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

எனக்கு தலகீழ். முன்னாடிதான் நல்லா இருந்தேன், இப்போதான் மோசம். நான் வரையக் கூடாதா?

முந்தைய பதில்களில் நான் 'அப்போது மோசம், இப்போது பரவாயில்லை' என்று வைத்தே பேசிவிட்டேன், எல்லாருக்கும் அப்படி அமையாது. தற்போது ரொம்ப மோசமாக இருந்தால், மேலே படபடப்பு பற்றிய பதிலில் இருப்பதுதான் முதலில். ஓரளவு தாங்குகிறது, ஆள் துணை இருக்கிறது என்றால் வரையலாம், ஆனால் வரிசையை மாற்றுங்கள்: நல்லா இருந்த முகம் முதலில், இப்போதையது அப்புறம்.

லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் வில்லியம் அட்டர்மோலனுக்கு 1995இல் அல்சைமர் மறதி நோய் என்று கண்டுபிடித்தார்கள். அவர் அதற்குப் பிறகும் சில வருஷங்கள் தன் முகத்தை வரைந்துகொண்டே இருந்தார். முகத்தின் விவரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போவதை அந்தப் படங்களில் வரிசையாகப் பார்க்கலாம். அவர் தேறி வந்த கதை இல்லை அது. ஆனால் யாரும் அவற்றைப் பார்த்து இதை ஏன் வரைந்தார் என்று கேட்பதில்லை.

உயிரோட இருக்கும்போதே சொந்தப் படத்த சுவத்துல மாட்டலாமா? அம்மா திட்டுறாங்க

அம்மா சொல்வதும் புரிகிறது. நம் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தனி முகமாகத் தொங்குவது தாத்தா பாட்டிதான், பொட்டு வைத்து, மாலை போட்டு, கீழே ஒரு சின்ன பல்பு. அந்த வரிசையில் உங்கள் முகத்தையும் மாட்டினால் அம்மாவுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும், அதுவும் உங்களுக்கு நடந்ததெல்லாம் தெரிந்த அம்மாவுக்கு. சாமி அறையும் ஹாலும் வேண்டாம். உங்கள் அறையில் மாட்டுங்கள், சட்டம் போடாமல் வெறும் கான்வாஸாக. இதற்காகச் சண்டை போட்டவர்கள் யாரும் ஜெயித்ததில்லை.

ஃபேஸ்புக்ல போட்டா கல்யாணத்துக்குப் பிரச்சின வருமா?

வரலாம். வராது என்று சொல்லி உங்களை மாட்டிவிட எனக்கு மனசில்லை, சின்ன ஊர், எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். எதிர்காலத் துணையிடம் நீங்களே நேரில் சொல்வது வேறு, யாரோ ஒரு சித்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி அவர் தெரிந்துகொள்வது வேறு. முதலில் ஒருவரிடம் காட்டுங்கள். அந்த ஒருவர் பார்த்துவிட்டு என்ன கேட்கிறார் என்று பாருங்கள். கொஞ்ச நாள் போகட்டும், அதற்கப்புறமும் போடத் தோன்றினால் போடுங்கள்.

முடிஞ்ச படத்த என்ன பண்றது? கிழிச்சுப் போடலாம்னு தோணுது

கிழிக்கலாம், உங்கள் படம். வரைந்த வாரத்திலேயே வேண்டாம், அவ்வளவுதான். பின்பக்கம் தேதி எழுதி அலமாரிக்குப் பின்னால் வையுங்கள், சிலர் அடுத்த வருஷம் எடுத்து அதே அளவில், அதே ஜன்னல் வெளிச்சத்தில் மூன்றாவதாக ஒரு முகம் வரைகிறார்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சுவரோடு ஒட்டாமல் விரல் அகலம் காற்றுப் போக இடம் விடுங்கள். இரண்டு கான்வாஸை முகத்துக்கு முகம் சேர்த்து அடுக்காதீர்கள், அக்ரிலிக் சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது ஒருவர் மூக்கு இன்னொருவரிடம் போய்விடும். நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்தால் போதும்.